நான்கு தந்தியும் ஒரு கோப்பும்

ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை கருவூலத்தில் நிரூபிக்க வேண்டும். போன வாரம் அருப்புக்கோட்டையில் அந்த வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் நகல் எடுக்காமல் வந்திருந்தார். எதில் எத்தனை வேண்டும், எங்கே கையெழுத்து என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் சொல்வது பழைய வியாதி.

அப்போது கவுண்டரில் இருந்த பெண்ணின் கைப்பேசி ஒலித்தது. ஆழ்ந்த சுருதியில் தந்தியை மீட்டும் நாலு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு அடி. கிட்டார் அலறத் தொடங்குவதற்குள் அணைத்துவிட்டாள். மீதியை நான் மனதுக்குள் அலறவிட்டுக்கொண்டேன். அந்த நாலு அடி என்னுடையது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தாலுகா அலுவலக இளநிலை உதவியாளன் ராக் இசைக்குழுவில் நாலு தந்தி பேஸ் கிட்டார் வாசித்தான் என்றால் என் மனைவியே இன்னும் முழுதாக நம்பவில்லை.

கருவூலத்தில் கோந்து வாசனை. அது எப்போதும் என்னைச் சேதுவின் வீட்டுத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடும். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் இயந்திர எண்ணெயும் சேர்ந்த வாசனை அங்கே. எங்கள் குழுவில் சேது பாடுவான், கிட்டார் வாசிப்பான். பாலு டிரம்ஸ். இருவரும் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். நான் பரளச்சிப் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிச் சம்சாரியின் மகன், டவுனில் வாடகை அறை. நாங்கள் அவ்வளவு சத்தமாக வாசித்ததற்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. விசைத்தறிகள் ஓடும்போது ஒத்திகை பார்த்தோம், அவ்வளவுதான். தெருவில் யாரும் புகார் சொல்லவில்லை, எங்களைத் தனியாகப் பிரித்துக் கேட்க அவர்களால் முடியவில்லை. கரண்ட் போனால் தறிகள் நிற்கும், கிட்டார்களும் நிற்கும். பாலு மட்டும் அடித்துக்கொண்டிருப்பான். சேதுவின் அப்பா எனக்குப் புரியட்டும் என்று தமிழில் கேட்பார்: "அந்த ஒரு தறி மட்டும் எதுலப்பா ஓடுது?"

முதல் மேடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பார். மேடை என்றது மரியாதைக்கு. காலி பாட்டில் பெட்டிகளை நகர்த்திவிட்டு நின்றோம். எங்கள் பாட்டு இரண்டு, பிறகு சினிமாப் பாட்டு ஒன்று என்பது நடத்தியவரின் நிபந்தனை. ஊறுகாயில் விரல் வைத்தபடி ஒருவர் கேட்டார்: "ஏலே, பாடுறீகளா, சண்ட போடுறீகளா? சொன்னா வெலக்கிவிடுவோம்ல."

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி லோடோடு வரும் பெரியவர் ஒருவர் மட்டும் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். "ஒண்ணும் வெளங்கல தம்பி. நெஞ்சுக்குள்ள லாரி ஏறி எறங்குது. நிறுத்திராதீக." மகள் கல்யாணத்துக்கே எங்களைக் கூப்பிட்டார். பெண் வீட்டாரில் பாதிப் பேர் பந்தலை விட்டு வெளியேறினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் வெளியேறவில்லை. அவர்கள் வழியாக மதுரையில் ஒரு கல்லூரி விழா, பிறகு இன்னொன்று. ஒரு நாள் சென்னையிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கேட்டார். ஒரு கேசட், தொடர்ந்து மூன்று மாதம் ஊர் ஊராகக் கச்சேரி. பத்து நாளில் கிளம்ப வேண்டும்.

அரசு ஊழியன் வெளியே போய்க் கச்சேரி செய்ய முன் அனுமதி வேண்டும். தக்க வழியாக விண்ணப்பித்தேன். அந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் இருக்கையே என்னுடையதுதான். ஆகவே நான் எழுதியது என்னிடமே வந்தது. இசைக்கருவி அலுவலகச் சொத்தன்று என்ற சான்று இணைக்கப்படவில்லை என்று நானே குறை கண்டு, குறிப்பாணை தயாரித்து, மேலொப்பம் வாங்கி, எனக்கே அனுப்பிப் பெற்றுக்கொண்டேன். சொந்தக் கோப்பைச் சும்மா விட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. சான்று சேர்ந்த பிறகு கோப்பு மேலே போனது. மேலே போன கோப்பு எவ்வளவு நாளில் இறங்கும் என்று தாலுகாவில் என்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சேது அலுவலகத்துக்கே வந்தான்.

"காய்ச்சல்னு ஒரு லீவ எழுதிக் குடுத்துட்டு வாங்கண்ணே."

"பொய்ச் சான்றிதழா?"

"ஊரே குடுக்குது. நீங்கதான வாங்கி அடுக்குறீக."

உண்மைதான். உளுந்து பிடுங்கப் போன ஊழியர்களின் வயிற்றுப்போக்குச் சான்றிதழ்களையெல்லாம் நான் ஏற்றிருக்கிறேன்.

"ஆர்டர் வரட்டும் சேது. வந்ததும் அடுத்த பஸ்ஸுல வாரேன்."

அவன் மேசையில் இருந்த கோப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, பயமா இருக்குன்னு சொன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நான் மைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் இருவரும் போனார்கள். மதுரைக்காரர் ஒருவர் என் இடத்தில் வாசித்தார், நன்றாகவே. நாலு அடியை மாற்றவில்லை. ஐந்தாம் மாதம் ஆணை வந்தது. அலுவலக நேரம் தவிர்த்து, தாலுகா எல்லைக்குள் மட்டும் வாசிக்க அனுமதிக்கப்படுகிறது. அதற்குள் அவர்கள் மாநில எல்லையையே தாண்டியிருந்தார்கள். ஆணையை எனக்கு நானே சார்பு செய்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டு, கோப்பை முடித்து வைத்தேன்.

பார் இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை. தறிக்கூடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பருத்திக்காரப் பெரியவர் இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. அந்த நாட்களில் தடித்த தந்திகளை அழுத்தி அழுத்தி என் இடதுகை விரல்நுனிகள் காய்த்துப் போயிருந்தன. தாசில்தார் ஒருமுறை, "மம்பட்டி பிடிக்கிறீரா?" என்று கேட்டார். அன்று அந்த விரல்களை இந்தக் கவுண்டரில் இருக்கும் விரல்ரேகை இயந்திரத்தில் வைத்திருந்தால் ஒன்றும் பதிந்திருக்காது.

என் முறை வந்தது. "எந்தக் கைன்னாலும் பரவாயில்ல ஐயா," என்றாள் அந்தப் பெண். இடதுகையை வைத்தேன்.

"மொதத் தடவையிலயே எடுத்துக்கிருச்சு," என்றாள். "வயசானவுகளுக்கு இப்படி விழாது. ஒங்களுக்கு வெரலு பஞ்சு மாதிரி இருக்கு."