ஏரம்பு தன்மையாகப் பேசிய நாள்

என் கணவர் ஏரம்பு வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். கொக்கிளாயில் பிறந்து, முல்லைத்தீவில் இருபத்தைந்து வருடம் கடல்தொழில் செய்தவர். தேத்தண்ணி பிந்தினால் ஏச்சு, வேலிப் படலையைத் திறந்து விட்டால் ஏச்சு. கலியாணமான புதிதில் அழுதிருக்கிறேன். பிறகு பிறகு அது காதில் விழுவதேயில்லை. அவர் தன்மையாகப் பேசினால்தான் நான் பயப்படுவேன். பயம் பிடித்தால் மட்டும் அந்த மனிதரின் வாய் இனிக்கும். சுனாமியன்று கடல் ஊருக்குள் வந்தபோது, "இஞ்சேரும், கையைப் பிடியும், ஓடுவம்" என்றார். அலையைப் பார்த்ததைவிட அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் போனது.

2009 சித்திரையில் ஷெல்லுக்குத் தப்பி ஒதுங்க ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் போனபோது, எங்கள் வள்ளத்தில் பதினான்கு பேர் இந்தியாவுக்கு வெளிக்கிட்டோம். ஆறு பேருக்கு அளவான வள்ளம். எங்கள் இருவரையும் தவிர மற்றவர்கள் அக்கராயன் பக்கத்தில் வயல் செய்த கமக்காரர்கள். குளத்தைத் தவிர வேறு தண்ணீரை அறியாதவர்கள்.

"ஆரும் எழும்பக்கூடாது. ஒராள் எழும்பினால் பதினாலு பேரும் தண்ணிக்குள்ள" என்று ஏற்றும்போதே சொல்லிவிட்டார்.

அவரிடம் சின்ன ரேடியோ ஒன்று இருந்தது. எஞ்சின் இரைச்சலில் காதோடு ஒட்டி வைத்தால்தான் கேட்கும். பக்கத்தில் இருந்த எனக்கும் அரைகுறையாகக் கேட்கும். இந்திய வானொலியில் வானிலை அறிக்கை வரும் நேரம் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பும். அறிக்கை கேட்காதவர்களுக்கு அவருடைய முகம்தான் அறிக்கை.

முதல் நாள் அறிக்கையில் ஒன்றுமில்லை. "தம்பி, என்னவாம்?" என்று அப்புத்துரை அண்ணை கேட்டார். நெல்லும் மாடுமாக வாழ்ந்த மனிதர், வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

"நீங்கள் விதைக்கேக்க மழை வருமோ எண்டு நான் வந்து கேட்டனானே? பேசாமல் இருங்கோ" என்று ஏரம்பு பாய்ந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவர்களும் அந்த ஏச்சோடு கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை அறிக்கை வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நடுக்கடலில் இருந்துகொண்டு அதைக் கேட்டோம். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டனீரே?" என்றார்.

நான் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். அப்புத்துரை அண்ணை வழமைபோலக் கேட்க, "ஒண்டுமில்லை அண்ணை, கொஞ்சம் காத்து. பயப்பிடாதேங்கோ" என்றார் இவர். சீனிப்பாணிபோலக் குரல். மகளை மடியில் வைத்திருந்த விமலேஸ்வரி என் பக்கம் குனிந்தாள்.

"ஏன் அக்கா, அண்ணை திடீரெண்டு இப்பிடிக் கதைக்கிறார்?"

எனக்கு மட்டும் தெரியும் என்றிருந்தது ஒரே நாளில் அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. முகத்துக்கு முகம் பயம் தொற்றியது. அப்புத்துரை அண்ணை எழும்பிவிட்டார். வள்ளம் சரிந்து ஒரு பக்கத்தால் தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டு பேர் அவரை இழுத்து இருத்தினார்கள்.

இந்த நேரம் ஏரம்பு ஏசியிருக்க வேண்டும். அவரோ, "இருங்கோ அண்ணை, இருங்கோ" என்று கெஞ்சினார். ஒரு கையில் ரேடியோ, அடுத்த அறிக்கைக்காகக் காதிலே. எஞ்சினை மற்றக் கையால் பேருக்குத்தான் பிடித்திருந்தார், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொருவர் எழும்பினால் எல்லாம் முடிந்தது.

அவருக்குக் கோபத்தைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன். "வழி தெரியாமல் ஏன் எங்களை ஏத்தினனீங்கள்? உங்களுக்கு வள்ளம் ஓட்டத் தெரியுமே?" என்றேன். வேறு நாளென்றால் என்னைக் கடலில் தள்ளியிருப்பார். "ஓம், நீர் சொல்லுறதும் சரிதான்" என்றார்.

அப்போதுதான் உண்மையாகவே செத்துவிடுவோம் என்று நம்பினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. ரேடியோவைப் பறித்துக் கடலில் எறிந்தேன்.

ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தார். பிறகு தொடங்கினார். "எடி மூதேவி, உனக்கு விசரே? காத்து எந்தப் பக்கம் போகுது எண்டு இனி உன்ர கொப்பனே வந்து சொல்லுவான்?" என் தாய், தகப்பன், சீதனம் ஒன்றும் அந்த ஏச்சுக்குத் தப்பவில்லை. ஏசிக்கொண்டே வள்ளத்தை அலைக்கு நேரே திருப்பினார். அப்புத்துரை அண்ணைக்கும் விழுந்தது, தண்ணீர் இறைக்காமல் இருந்தவர்களுக்கும் விழுந்தது. எல்லோரும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். மத்தியானம் காற்று வந்தது, மழையும் வந்தது. அவர் தொண்டை கட்டும்வரை ஏசினார். ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த நாள் வெயில் ஏற, பதினான்கு பேரும் இந்தியக் கரையில் இறங்கினோம்.

இங்கே முகாமுக்கு வந்து ஐந்து மாதம். அவர் கடற்கரைப் பக்கம் போவதில்லை. ஒருவரையும் ஏசுவதுமில்லை. "குடுத்து வைச்சனீங்கள், எவ்வளவு தன்மையான மனுசன்" என்கிறாள் பக்கத்து அறை மீனம்மா. அவள் எங்களோடு வள்ளத்தில் வந்தவள் அல்ல. நானும் ஓம் என்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று வேண்டுமென்றே கறிக்கு உப்புப் போடாமல் வைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். நான் காத்திருந்தேன்.

"நல்லாயிருக்கு. நீரும் சாப்பிடும்" என்றார்.