எமல்டா யார் ஜாடை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அருள்பிரகாசத்துக்கு ராயபுரம் முழுக்க ஒரு பேர் உண்டு. ஆளைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடுவார். கிரேன் கூண்டில் உட்கார்ந்தபடி, கப்பல் ஏணியில் இறங்குகிற மாலுமிகளின் முகத்தைப் பார்த்து, "இவன் மலாய்க்காரன், அவன் கிரேக்கன், பின்னால வர்றவன் சிட்டகாங்" என்பார். கீழே நிற்கிறவர்கள் போய் விசாரித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போன தடவைகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, அவரும் வைத்துக்கொள்ளவில்லை. மனுஷனுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தால் போதும், அதை வைத்தே தன் குடியைக் கெடுத்துக்கொள்வான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி ஃப்ளோராவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூத்தவன் வால்டர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பிறகு வெகுகாலம் ஒன்றும் தங்காமல், ஃப்ளோரா நாற்பதைத் தொடுகிற நேரத்தில் தங்கிய பிள்ளை இது. அருள்பிரகாசம் சந்தோஷமாகத்தான் குனிந்து பார்த்தார். மேல்பக்கம் ஏறிய சின்னக் கண்கள், சப்பை மூக்கு, மடிந்த சின்னக் காது, துவண்டு கிடந்த கை கால். அவருடைய புத்தி வழக்கம்போல வேலை செய்தது. சீனாக்காரன் ஜாடை என்றது.

அந்த நாளில் சைக்கிளில் பட்டுத்துணி மூட்டை கட்டிக்கொண்டு சீனாக்காரர் ஒருவர் ராயபுரம் தெருக்களில் வருவார். ஃப்ளோரா தையல்காரி. கோயில் பீடத்துக்கு விரிப்பும், முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் தைப்பவள். தெருப் பெண்கள் நாலு பேர் சுற்றி நிற்க, வெட்டவெளியில், அவரிடம் லேஸ் வாங்கியிருக்கிறாள். அந்த லேஸைத் தவிர இந்தக் கதையில் அந்தச் சீனாக்காரருக்கு வேறு பங்கு இல்லை. ஆனால் ஞானஸ்நானம் முடிந்து கோயில் வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற வெள்ளத்துரை குழந்தையின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பிரகாசம், ஹாங்காங் கப்பல் எப்போ மாமு வந்துச்சு?" என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அருள்பிரகாசமும் சிரித்தார். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெரிய மனுஷன் பல்லைக் காட்டினார். இரண்டடி தள்ளிக் குழந்தையோடு நின்ற ஃப்ளோரா அதைப் பார்த்தாள்.

குழந்தை பாலை உறிஞ்சத் தெம்பில்லாமல் திணறியதால் ஃப்ளோரா அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா பிள்ளையின் உள்ளங்கையைப் பிரித்து, குறுக்கே ஓடுகிற ஒற்றை ரேகையைக் காட்டினார். இப்படிப்பட்ட குழந்தைகள் எல்லா ஊரிலும் எல்லா ஜாதியிலும் பிறக்கின்றன, வெள்ளைக்காரர் வீட்டிலும் பிறக்கின்றன, இவர்கள் ஒருவருக்கொருவர் ஜாடையாக இருப்பார்கள் என்றார். ஏன் என்பது இன்னும் எங்களுக்கே தெரியவில்லை, ஆனால் தாய் செய்த எதனாலும் வந்ததில்லை, நோயில்லை, யாருக்கும் ஒட்டாது, எல்லாம் மெதுவாக வரும் ஆனால் வரும், பொறுமையாகச் சொல்லிக்கொடு என்றார்.

ஃப்ளோரா ஒரு வார்த்தை விடாமல் புருஷனிடம் வந்து சொன்னாள். மாதா மேல் ஆணையிட்டும் சொன்னாள்.

"டாக்டரம்மாவும் பொம்பளதானே" என்றார் அருள்பிரகாசம்.

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடிக்கவில்லை, துரத்தவில்லை, சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொன்னது. அந்தத் தங்கம் வீட்டுக்குள் செய்தது ஒன்றே ஒன்றுதான். எமல்டா என்று பேர் வைத்த அந்தப் பிள்ளையை 'உன் பொண்ணு' என்பார். "உன் பொண்ணு சோறு துண்ணுச்சா?" "உன் பொண்ணக் கூப்புடு." நாக்கிலே ஊசி வைத்துக் குத்துவது இதுதான். வெளியே தெரியாது, குத்துப்பட்டவளுக்குத் தெரியும்.

எமல்டா மூன்று வயதுக்கு மேல்தான் நடந்தாள். பேச்சு அதற்கும் பிறகு வந்தது, கொஞ்சம் குழறலாக. கர்ப்பிணிகள் அவளைக் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு போனார்கள், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி. பேய் பிடித்த பிள்ளை என்றது ஒரு வீடு, பாவத்தின் சம்பளம் என்றது ஒரு வீடு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எமல்டாவோ தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்து வைப்பாள். சாயங்காலம் அருள்பிரகாசத்தின் சைக்கிள் மணி கேட்டால் "நைனா!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவர் கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்வாள். அவர் தூக்கைக் கொடுப்பார், முகத்தைக் கொடுக்க மாட்டார்.

ஃப்ளோரா அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? எதுக்கு இந்தப் பேஜாரு?" என்பார். அவர் சொல்லிக்கொடுத்தது வேறு. வீட்டுக்கு யாராவது வந்தால், "ஆளுங்க வந்துகீறாங்க, உள்ள போ, சத்தம் போடாத" என்று பின்னறைக்கு அனுப்பிவிடுவார். வந்தவர் போகும் வரை பிள்ளை அங்கே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை வருஷக்கணக்காக அலுக்காமல் செய்தார். அவளைப் பார்க்கிறவன் எல்லாம் தன்னைப் பார்த்து மனசுக்குள் சிரிக்கிறான் என்று நினைத்தார். அந்த வெட்கம் அவருக்குக் காய்ச்சல் போல உடம்போடு இருந்தது.

எமல்டாவுக்குப் பதினோரு வயதானபோது வால்டருக்குப் பெண் அமைந்தது. பெரம்பூர் ரயில்வேக்காரர் சவரிமுத்துவின் மகள். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். "உன் பொண்ணு பின்னால இருக்கட்டும். அவங்க போற வரைக்கும் வெளிய தல காட்டக் கூடாது. பையன் வாழ்க்க இதுல கீது" என்றார் அருள்பிரகாசம்.

விருந்துக்கு நல்ல இறால் வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் அவரே எண்ணூருக்கு ரயிலேறினார். அங்கிருந்து நெட்டுக்குப்பம் போனார். முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு மறுபடி வலைக்கே திரும்பிவிட்ட தண்டபாணி அங்கே இருந்தான். முகத்துவாரத்து இறால் அவன் வீட்டு முன்னால் மணலில் குவியலாகக் கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் இருபது வயதுக்கு மேலான ஒருவன் குந்தி, பெரியதை ஒரு கூடையிலும் சிறியதை ஒரு கூடையிலுமாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் நிமிர்ந்து சிரித்தான். அருள்பிரகாசத்தின் கண் எதிரே எமல்டா மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே ஏறிய கண், அதே மூக்கு, அதே மடிந்த காது, சிரிக்கும்போது லேசாக வெளியே எட்டும் அதே நாக்கு. கறுத்த கரையோர உடம்பில் அதே முகம். ஒரு இறாலை எடுத்து அவர் பக்கம் நீட்டினான். உள்ளங்கையில் குறுக்கே ஒற்றை ரேகை ஓடியது.

"இன்னா அண்ணாத்தே அப்டிப் பாக்குற? எம் புள்ளதான், கன்னியப்பன்" என்றாள் தண்டபாணியின் மனைவி குப்பம்மா.

அருள்பிரகாசம் கேட்கக் கூடாததைக் கேட்டார். "இந்தப் பக்கம் சீனாக்காரனுங்க யாராச்சும் துணி விக்க வருவானுங்களா?"

"நல்லாக் கேட்ட போ! இங்க கருவாட்டு யாவாரி வர்றதே அதிசயம். சீனாக்காரன் யார் கோவணத்துக்குப் பட்டு விக்க வர்றான்?" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன் கேக்குற?"

தன் மகனைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள். "எங்க குப்பத்துல வேற சொல்லுவாங்க. நான் முழுகாம இருக்கறப்ப கிரகணத்துல மீன் அறுத்தேனாம், அதான் புள்ள இப்டிப் பொறந்துச்சாம். அன்னிக்கு இந்தக் குப்பத்துல அல்லாரும்தான் மீன் அறுத்தாளுங்க. அவளுங்க புள்ளைங்கள்லாம் நல்லாத்தான் கீதுங்க. அத்த யாரு கேக்குறா?"

"அந்தப் பேச்ச வுடு" என்றான் தண்டபாணி கூடையைத் தூக்கிக்கொண்டே. "இவ மேல எவனாச்சும் பழி சொன்னா பல்லு இருக்காதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன் அண்ணாத்தே. அதுக்கப்புறம் என் காதுபட எவனும் பேசல."

பல்லு இருக்காது என்று இவன் சொன்ன அதே இடத்தில், தான் பல்லைக் காட்டியது அருள்பிரகாசத்துக்கு ஞாபகம் வந்தது. நெட்டுக்குப்பத்தில் கிரகணம், ராயபுரத்தில் சீனாக்காரன். ஊருக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள், பழி மட்டும் எங்கே போனாலும் பெற்றவள் தலையில்தான் விழுகிறது. டாக்டரம்மா சொன்னதாக ஃப்ளோரா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது மணலில் குந்தி இறால் பிரித்துக்கொண்டிருந்தது. எந்தக் கப்பலும் வராத குப்பத்தில், முகம் பார்த்தே நாட்டைச் சொல்லும் மேதாவிக்கு எந்த நாட்டின் பேரும் வாயில் வரவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம் அழுதார். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிரே இருந்த மணலிக்காரர் ஒருவர் வீட்டில் சாவு என்று நினைத்து இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இறால் கூடையை அடுப்படியில் வைத்துவிட்டு ஃப்ளோராவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நெட்டுக்குப்பத்தில் பார்த்ததைச் சொன்னார். அந்தப் பையன் அச்சாக எமல்டா மாதிரியே இருக்கிறான், உள்ளங்கை ரேகைகூட, நீ சொன்னது அத்தனையும் நிஜம், உன் மேல் தப்பே இல்லை என்றார். சொன்னால் அவள் அழுவாள், தானும் அழலாம், எல்லாம் கழுவிப் போய்விடும் என்று ரயிலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஃப்ளோரா அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே பேசியவள் அன்று அதை விட்டுவிட்டாள்.

"நெட்டுக்குப்பத்துல யாரோ பெத்த புள்ள மூஞ்சி வந்து எனக்குச் சாட்சி சொல்லணுமா? மாதா மேல ஆணயிட்டு நான் சொன்னப்ப உன் காது எங்க போச்சு?"

"ஃப்ளோரா..."

"நீ இன்னிக்கு இறால் வாங்கப் போவாம இருந்திருந்தா? அவன் வேற எங்கியாவது போயிருந்தா? சாவுற வரைக்கும் நான் உனக்கு அப்டிப்பட்டவதானே?"

அவள் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு இறால் உரிக்க ஆரம்பித்தாள். கூடை பாதி குறைந்தபோது அவர், "நாளைக்கி எமல்டாவ முன்னால உக்கார வெக்கறேன். எல்லார்கிட்டயும் சொல்றேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றார்.

"வை. உன் பொண்ணு" என்றாள் ஃப்ளோரா, நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஃப்ளோரா எமல்டாவுக்கு லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் போட்டுவிட்டாள். முதுகுப் பொத்தானை வால்டர் போட்டுவிட்டான். "நின்னா நிக்கட்டும் நைனா, எனக்கும் அதான்" என்று அவன் சொன்னபோது, தன் மகனுக்கு இருந்தது தனக்கு இல்லாமல் போனதே என்று அருள்பிரகாசத்துக்கு இன்னொரு குத்து விழுந்தது. எமல்டாவைத் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலை வாரிய எண்ணெய் மினுக்க, அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதன்முதலாக அவரும் அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

வாசலில் வண்டி நின்றது. அவர் எழுந்து போய் சவரிமுத்துவையும் அவர் மனைவியையும் கூட வந்தவர்களையும் கும்பிட்டு உள்ளே அழைத்து வந்தார். மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்த வார்த்தையோடு, நாற்காலிப் பக்கம் கையை நீட்டினார். "இது என் பொண்ணு..."

நாற்காலி காலியாக இருந்தது. பின்னறையில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கழுதை என்று அவர் சொன்ன பிள்ளை, தகப்பன் சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தை ஒரு பிழை இல்லாமல் கற்றுவைத்திருந்தாள்.

அருள்பிரகாசம் பின்னறைக் கதவுக்குப் போனார். வந்தவர்கள் உட்காராமல் நின்று பார்த்தார்கள். ஃப்ளோரா அடுப்படி வாசலில் நின்றாள், உதவிக்கு வரவில்லை. அவர் கதவைத் தட்டினார். "எமல்டா, வெளிய வாம்மா. நைனா கூப்புடறேன்."

"யாருங்க உள்ள?" என்று கேட்டார் சவரிமுத்து.

"என் பொண்ணு. பதினோரு வருஷமா நான்தான் ஒளிச்சு வெச்சேன்" என்று அருள்பிரகாசம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "வாம்மா, என் கண்ணு, கதவத் தொற" என்று சத்தம் போட்டு அழுதார்.

உள்ளே கவுன் உரசுகிற சத்தம் கதவருகே வந்து நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. சாவித் துவாரத்தின் வழியாக எமல்டாவின் குரல் வந்தது. அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற கவலையோடு, மெதுவாக வந்தது.

"நைனா, ஷ்ஷ்... சத்தம் போடாத. ஆளுங்க வந்துகீறாங்க."