பேனருக்கு ஆகாத படம்

கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுக்கிறவள் கலாராணி. ஞாயிற்றுக்கிழமைகளில், தான் குடியிருக்கும் லேனையே படம் பிடிப்பாள். அந்த லேனின் பெயர் பத்திரிகையில் வந்தால் வாள்வெட்டும் போதைத்தூளும் கைதும் கூடவே வரும். அங்கேயும் ஆட்கள் சோறு வடிக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கிறார்கள், பைப்படியில் சண்டை பிடிக்கிறார்கள் என்று எந்த மகராசனும் எழுதவில்லை. அந்த எரிச்சலில்தான் எடுக்கத் தொடங்கினாள்.

வாள்வெட்டுக் குழுப் பையன்கள் கெமராவைக் கண்டாலே முகத்தை மறைக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்கள். அதில் ஒருத்தன், அஜந்தன், ஒருநாள் புதுச் சட்டையோடு தானாகவே வந்து நின்றான்.

“அக்கா, நேரா பாத்த மாதிரி ஒரு போட்டோ எடுங்க.”

“பாஸ்போட்டுக்கா?”

“இல்ல, பேனருக்கு. எங்க குழு யதுர்சன் செத்தப்ப சந்தியில கட்டுனத பாத்தீங்கதானே? யாரு கல்யாணத்துலயோ எடுத்தத வெட்டிப் போட்டிருக்கானுங்க. அவன் தோள்ல வேற யாரோட கையோ இருக்கு. எனக்கு அப்புடி வேணாங்க்கா. போன்ல எடுத்தா பெருசாக்குறப்ப மங்கிப் போகுது.”

இவன் தவழ்ந்து திரிந்ததைப் பார்த்தவள் கலாராணி. டவுனுக்கு இறங்கினால் எதிர்க்குழு விடாது, அதனால்தான் இவளிடம் வந்திருக்கிறான். முடியாது என்று விரட்டவும் மனம் வரவில்லை. அவன் கண் சிமிட்டும்வரை காத்திருந்து அமுக்கினாள்.

“சரியா விழல. அடுத்த ஞாயிறு வா.”

அடுத்த ஞாயிறு அவன் கொட்டாவி விடும்போது எடுத்தாள். அதற்கடுத்த தடவை யாரோ கூப்பிடத் திரும்பியபோது. நல்ல படம் கிடைக்கும்வரை இவன் சாகமாட்டான் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. அசடாக இருந்தால் இருக்கட்டும்.

பைப்படியில் அவனுடைய அம்மா லீலாதேவி வாளியை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

“எம்மவன படம் எடுக்கிறியாமே?”

“ஆமாங்க்கா. ஒன்னுமே சரியா வரல.”

லீலாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா எடுத்துறாத புள்ள.”

மறு ஞாயிறும் அஜந்தன் வந்தான். கெமராவில், பாதிக் கண் மூடிய தன் படத்தைப் பார்த்ததும் லேன் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“ஒங்களுக்கு போட்டோ எடுக்கவே தெரியாதுக்கா!”

“தெரியாதுதான்டா,” என்றாள் கலாராணி. “அடுத்த கெழமையும் வா.”