காவடி இறக்கிய பிறகு

“சிகரெட்டை என்னால விடவே முடியாது டாக்டர்” என்று நான் அடித்துச் சொன்னபோது, சிகரெட்டைத் தொட்டு முப்பது நாள் ஆகியிருந்தது. என்னைவிடப் பெரிய மடையனைப் பினாங்கு முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

எண்பதுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நான் இருமினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அந்த வாரம் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. வெற்றிலைச் சாறு என்று மனைவியிடம் சொன்னேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மறுநாளே டாக்டரிடம் துரத்திவிட்டாள்.

கெலுகோரில் இருந்த எங்கள் குடும்ப டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

“இப்ப பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. மருந்து தர்றேன். மறுபடி ரத்தம் வந்தா உடனே வா. ஆனா, சிகரெட்ட விட்டுரு.”

அந்த ‘இப்ப’ எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் மேற்படி வீரவசனத்தை விட்டேன். அவர் என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

“காவடி விரதமா?”

“ஆமா டாக்டர். இன்னைக்கு முப்பதாவது நாள்.”

“அப்ப சிகரெட்?”

“ஐயோ, விரதத்துல எப்படிலா! முருகன் சும்மா விடுவாரா?”

அவர் சிரிக்கவில்லை. “முடிஞ்சதும் மொத சிகரெட்ட எப்ப பத்த வைப்பே?”

“காவடி இறக்குன கையோட. கூட்டாளி ஒருத்தன் பத்த வெச்சே நீட்டுவான்.”

“வேணாம்னு அவன்கிட்ட இன்னைக்கே சொல்லிரு. காவடி இறக்குன மறுநாள் காலையில நேரா இங்க வா. அப்புறம் வாராவாரம் வா.”

மற்றவர்களுக்கு அலகு குத்துவதில் பயம். எனக்கோ அலகைக் கழற்றிய பிறகு வரும் பத்து நிமிடத்தை நினைத்து, விரதத்தில் மீதியிருந்த பதினெட்டு நாளும் நடுக்கம். தைப்பூசத்தன்று காவடியை இறக்கியதும் கூட்டாளி இளநீரை நீட்டினான். “சிகரெட் எங்கடா?” என்று என் வாயே கேட்டுவிட்டது. “டாக்டர் கொன்னுருவாருன்னு நீதானே சொன்னே!” என்றான். சுற்றிலும் புகை. இளநீரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி வந்தவனைப் போல ஆடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணுகூடப் பிடிக்கல டாக்டர். ஆனா ரொம்பப் பயமா இருக்கு. இந்த விரதத்த எப்பதான் முடிக்கிறது?”

“முடிக்காதே.”