சிறந்த தூக்கத்துக்கான விருது

தாயில்பட்டி முனியராஜ் எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் மாரிசெல்வி, தோழிகளோடு சேர்ந்து சினிமா விருது விழாக்களைக் கேலி செய்து ஒரு வீடியோ தயாரித்தாள். குண்டடி பட்டும் பத்து நிமிஷம் வசனம் பேசும் கதாநாயகனுக்கு ஒரு விருது, மழையில் நனைந்தும் பவுடர் கலையாத கதாநாயகிக்கு ஒரு விருது. கடைசி விருது சிறந்த தூக்கத்துக்கு. அதற்காகத் தியேட்டரில் வாய் பிளந்து தூங்கும் அப்பாவை அவருக்குத் தெரியாமல் படம்பிடித்திருந்தாள்.

அதை அவரிடம் போட்டுக் காட்டும்போதுதான் அவர் கோபப்படுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது. முனியராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பரிசு வாங்குனவுக பேசணும்லத்தா?” என்றார்.

மாரிசெல்வி போன் கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டாசுக் கம்பெனியில வெடிக்கு மருந்து செலுத்துறேன். அங்கன கண்ணு அசரக் கூடாது. வீட்ல படுத்தாலும் திடுக்குனு முழிச்சிக்கிருவேன். தியேட்டர்ல இந்தப் பக்கம் மக, அந்தப் பக்கம் அவ ஆத்தா. எல்லாரும் ஒரே எடத்துல பத்திரமா இருக்கோம்னு தோணும். அம்புட்டுத்தான், தூக்கம் வந்துரும்.”

மாரிசெல்வியின் போன் திரையில் அவர் முகம் ஆடியது.

“சரியாப் பேசலையாத்தா?”

“நல்லாப் பேசுனீகப்பா.”

படம் ஆடுகிறதே, திரும்ப எடுக்கலாம் என்றார்கள் தோழிகள். அவள் மறுத்துவிட்டாள். அந்தப் பேச்சையும் சேர்த்துக் கல்லூரியில் வீடியோ ஓடி முடிந்ததும், சிரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்கள்.