உருகிப்போன ஏழு விண்வெளி வீரர்கள்

ஹட்டன் கடையொன்றில் மகளுக்காகப் பொம்மைப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இன்று சுவர்கூட மிஞ்சாத, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு என்னை இழுத்துப் போனது. கொழும்பில் வீட்டுவேலை செய்த அம்மா, லீவில் வரும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துப்போட்ட விண்வெளி வீரன் பொம்மை ஒன்றைக் கொண்டுவருவார். ஒருவனுக்குக் கையில்லை, இன்னொருவனுக்குத் தலைக்கவசமில்லை. அவர்கள் வாழ்ந்த காமிக்ஸ் புத்தகத்தை நாங்கள் கண்டதேயில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போதெல்லாம் அவர்களுக்கு அக்காதான் கதை கட்டுவாள்.

ஏழு பேர் சேர்ந்திருந்தபோது லயம் தீப்பிடித்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அம்மாவிடம், “பொம்மையெல்லாம் உருகிருச்சும்மா” என்று அழுதேன்.

எங்கள் இருவரையும் அணைத்துக்கொண்டு, “போனாப் போவுது புள்ள. இனிமே நான் கொழும்புக்குப் போகல” என்றார்.

அதன்பிறகு பொம்மை எதுவும் வரவில்லை, நான் கேட்கவுமில்லை. ஒவ்வொரு மாலையும் கொழுந்துக்கூடையோடு நனைந்து, களைத்து, அம்மாதான் வந்தார்.