ஆத்தா கரண்ட்

பக்கிரிசாமி அண்ணன் முப்பத்திரண்டு வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வயர்மேனாக இருந்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் யார் வீட்டில் விளக்கு போனாலும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்தால், டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தானே வந்து நிற்பார். வேலையை முடிப்பார், தேநீர் கொடுத்தால் குடிப்பார், போய்விடுவார். தனக்கென்று ஒரு பிடி உப்பு கேட்டுக்கூட யார் வாசலிலும் நின்றதில்லை. அதைப் பெரிய குணம் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நான் வசுமதி. அவருக்கு அடுத்த வீடு. தொழிற்சாலையில் தூள் பொட்டலம் போடும் வேலை.

அவர் மனைவி அம்சவல்லி அக்கா அவருக்கு நேர் எதிர். கொழுந்து மலையில் நின்று அவள் பேசினால், அடுத்த மலையில் நிற்கிற கங்காணி திரும்பிப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டு பியூஸ் மட்டும் வாரத்துக்கு இரண்டு தரம் போகுமாம். அண்ணனும் சளைக்காமல் வந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "நாந்தான் புடுங்கி வச்சேன். இந்த மனுசன் ஒரு வருசமா கண்டுபுடிக்கலயே!" என்று அக்கா சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அண்ணன் காது சிவந்து வெளியே போய்விடுவார்.

அந்த அக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எல்லாம் படுக்கையிலேயே. டயப்பர் போட்டதில் தோல் வெந்து முதுகில் புண் வந்தது. "துணியே விரிங்க, அடிக்கடி மாத்துங்க. ஈரம் மட்டும் படக் கூடாது. புண்ணு பெருசானா உயிருக்கே ஆபத்து" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு நாளைக்கு ஆறு விரிப்பு தேவைப்பட்டது.

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஆறு விரிப்பை எங்கே போய்க் காயவைப்பது? மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மூன்று நாள் தொங்கினாலும் துணி சில்லென்றுதான் இருக்கும், பூஞ்சை வாடை வேறு. டவுனில் காசு போட்டால் காயவைத்துத் தரும் கடை இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அக்காவை யார் பார்ப்பது? அண்ணன் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே காயவைத்தார். ஒரு விரிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மனுஷன் நின்றபடியே தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் நளினி கீழே ஷா ஆலாம் நகரத்தில் இருக்கிறாள். அவள்தான் துணி காயவைக்கும் டிரையர் ஒன்றை வாங்கி லாரியில் அனுப்பினாள். நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படுத்தபடியே அக்கா அதைப் பார்த்து, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.

பெட்டி பத்து நிமிஷம் சுற்றியது. பிறகு முகப்பில் சிவப்பு எழுத்து மின்ன, அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் பதறவில்லை. இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லாரிக்காரர்கள் பெட்டியை நீள எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியிருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்து, "இது விசிறிக்குத்தான் தாங்கும்" என்று பிடுங்கி எறிந்தார். பிளக்கின் ஒரு கால் பழுப்பேறியிருந்தது, மாற்றினார். சுவரில் இருந்த சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே திருகு தளர்ந்திருந்தது, முறுக்கினார். பியூஸில் குறையில்லை. அப்படியும் பெட்டி நின்றது. மறுநாள் மெயின் பலகையிலிருந்தே தடித்த வயராக இழுத்து, டிரையருக்கென்று தனி சுவிட்ச் வைத்தார். அப்போதும் நின்றது.

கடைசியில் மீட்டரை வைத்து அளந்தார். பெட்டி சும்மா இருக்கும்போது இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. சூடேறத் தொடங்கியதும் இருநூறு, நூற்றெண்பது, நூற்று எழுபது என்று இறங்கிக்கொண்டே போனது. அதற்குக் கீழே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பெட்டி நின்றுவிடுமாம்.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு வசு. கரண்ட்தான் பத்தல" என்றார்.

ஏன் பத்தவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் செய்து வைத்தவரே அவர்தான்.

பல வருஷத்துக்கு முன்னால், லைன் மாரியம்மன் கோயில் திருவிழாவில், ஆத்தா தேரில் ஏறுகிற நேரம் பார்த்து விளக்கெல்லாம் மங்கி அணைந்துபோனது. எல்லோர் வீட்டிலும் அதே நேரத்தில் கரண்ட் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததுதான் காரணம். ஆனால் சகுனம் சரியில்லை என்று பெண்கள் அழுதார்கள், ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். அந்த வாரமே அண்ணன் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கிக் கம்பத்தில் ஏறினார். லைனின் ஒன்பது வீட்டையும் ஒரே பேஸில், அதாவது கம்பத்தில் வருகிற மின்கம்பிகளில் ஒன்றில், சேர்த்தார். இன்னொரு பேஸை முழுசாகக் கோயிலுக்கென்று ஒதுக்கினார். இறங்கி வந்து, இதில் எந்த வீட்டு அடுப்பும் எரியாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அது ஆத்தா கரண்ட்.

அப்போது வீட்டுக்கு இரண்டு விளக்கும் ஒரு ரேடியோவும் ஒரு கரண்ட் அடுப்பும்தான். இப்போது வீட்டுக்கு வீடு சுடுதண்ணீர்ப் பெட்டி இருக்கிறது. இரண்டு வீட்டில் கியா பார்ம் சந்தைக் கடைக்கு ஸ்ட்ராபெரி வைக்கிற பெரிய ஐஸ் பெட்டிகள் இராப்பகலாக ஓடுகின்றன. ஒன்பது வீடும் ஒரே மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருக்க, கோயிலில் வருஷம் முழுக்க ஒரே ஒரு விளக்கு எரிகிறது. நான் தோட்ட ஆபிசில் போய்ச் சொன்னேன். புதுக் கம்பி வர அடுத்த வருஷம் ஆகும் என்று கணக்கெழுதும் கிராணி கையை விரித்துவிட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு டிரையர் ஒரு நடை ஓடும். அதில் இரண்டு விரிப்பு காயும். மீதி நான்குக்கு இஸ்திரிதான்.

ஒரு சாயங்காலம் நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஈர விரிப்பைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மனுஷன் ஏதோ தவிக்கிறார்.

"என்னண்ணே?"

கோயில் விளக்கைக் காட்டினார். மழையில் அது வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. "அங்க முழுசா இருக்கு வசு. அளந்து பாத்தேன், இருநூத்தி முப்பத்தஞ்சு. நம்ம வீட்டு வயர அதுல மாத்திப் போட்டா, ஆறும் பகல்லயே காஞ்சிரும்." தோளில் கிடந்த விரிப்பைச் சரிசெய்தபடி, "போடலாமா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசிக்கவேயில்லை. "ஆத்தா கரண்டா? அதுலயா அண்ணே, இந்தத் துணிய..." என்று மூக்கைச் சுளித்தேன். மேலே சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"ஆமாலா. தப்புதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோயில் தலைவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சத்தியத்தை மீறும் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், நீங்கள் கம்பத்தில் ஏறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டில் சுடுதண்ணீரை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஒன்பது வீட்டில் ஒரு வீடு நிறுத்தி என்ன ஆகப்போகிறது? எனக்கு மட்டும் மனசு ஆறியது.

அந்த வாரம் மழை விடவேயில்லை. இரண்டு நாள் இரவில்கூடக் கரண்ட் விட்டு விட்டுத்தான் வந்தது. விரிப்பு பாதி காய்ந்ததும் காயாததுமாகத்தான் போட முடிந்தது. அக்கா இடது கையால் விரிப்பைத் தடவிப் பார்ப்பாள், பிறகு அண்ணனைப் பார்ப்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் என்னிடம் கேட்ட பத்தாம் நாள் புண் குழிவிழுந்து நாறியது. காய்ச்சல் வந்தது. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்காம் நாள் அக்கா போய்விட்டாள்.

ஈரத் துணியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. படுத்துவிட்ட உடம்பு, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, எப்படி வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார். நல்ல மனுஷன். நாங்கள் யாரும் அதை நம்பவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு லைன் முழுக்க வந்திருந்தது. கோயில் தலைவர் நாகரத்தினம் ஐயா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூலையில் இருந்த டிரையரையும் அதற்குப் போன தடித்த வயரையும் பார்த்துவிட்டு, "இவ்ளோ வேல செஞ்சும் ஓடலயா பக்கிரி?" என்று கேட்டார்.

"நம்ம பேஸ்ல பத்தலீங்கய்யா. கோயில் பேஸ்ல போட்டிருந்தா ஓடியிருக்கும்."

பெரியவர் கோபமாகவே கேட்டார். "ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னா? நானே ஏணியத் தூக்கிட்டு வந்திருப்பேன்லா. ஆத்தா என்ன பீத்துணி பாக்காதவளா? ஊரையே பெத்து வளத்தவளுக்கு இது தீட்டா?"

"அவருதான் யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரே" என்று யாரோ பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நளினி தாங்க முடியாமல் அழுதாள். "ஏம்ப்பா? ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

நான் சமையலறை வாசலில் வடைத் தட்டோடு நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி, "தோணலம்மா" என்றார்.

அந்தப் பொய்யை எனக்காகத்தான் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. "கேட்டாரு நளினி" என்றேன். "என்கிட்ட கேட்டாரு. நாந்தான் மூஞ்சியச் சுளிச்சேன்."

நளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பிறந்ததிலிருந்து என்னை அத்தை அத்தை என்று சுற்றி வந்தவள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்குத் தானே பரிமாறப் போனாள்.